பில் விதர்ஸ்: நாலு பாட்டுக்குப் பின்னால் ஒன்பது இசைத்தட்டுகள்

பில் விதர்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய பாட்டு ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். 'எய்ன்ட் நோ சன்ஷைன்', 'லீன் ஆன் மீ', 'லவ்லி டே', 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' ஆகிய நான்கும் பல பத்தாண்டுகளாகத் திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் பள்ளிக்கூட மேடைகளிலும் இரங்கல் கூட்டங்களிலும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் 1971க்கும் 1985க்கும் இடையில் அவர் வெளியிட்ட ஒன்பது இசைத்தட்டுகளையும் முழுதாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. எட்டு ஸ்டுடியோவில் பதிவானவை, ஒன்று மேடைக் கச்சேரி. அந்த ஒன்பதையும் தரவரிசைப்படுத்துவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. மதிப்பெண் போடும் ஆசை இதற்குக் காரணம் அல்ல. விதர்ஸின் புகழ்பெற்ற பாடல்களைத் தனித்தனியாகக் கேட்டால் அவர் பாதிதான் கிடைக்கிறார். மீதிப் பாதி, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வருகிறது என்பதில் இருக்கிறது. அதனால் எந்தத் தட்டு உயர்ந்தது என்ற கேள்வி, இந்த மனிதர் உண்மையில் எதைச் சொல்ல வந்தார் என்ற கேள்வியும் ஆகிறது.

நமக்குத் திரைப்பாடல் வழியாகவே இசை பழக்கம். மெட்டு ஒருவர், வரிகள் ஒருவர், குரல் இன்னொருவர். பாட்டின் சூழலைக் கதை தீர்மானிக்கிறது. எழுதி, மெட்டமைத்து, தானே பாடும் கலைஞருக்கு அந்தக் கதை கிடையாது. அவருக்குக் கிடைப்பது நாற்பது நிமிட நேரம், ஒரு தட்டின் இரண்டு பக்கங்கள், பத்துப் பாட்டு. அவற்றை அடுக்கும் முறையில்தான் அவர் தன் கதையைச் சொல்லியாக வேண்டும். விதர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்றே: மனிதனுக்கு மனிதன் தேவைப்படுகிறான், அந்தத் தேவை அவனைத் தாங்கவும் செய்யும், தின்னவும் செய்யும். இதன் இரண்டு பக்கங்களையும் எந்தத் தட்டு முழுமையாகக் காட்டுகிறதோ, அதுவே என் வரிசையில் மேலே வருகிறது.

அவர் வாழ்க்கை இதற்கு அவரைத் தயார்செய்திருந்தது. 1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர், பக்கத்திலிருந்த பெக்லியில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். கடுமையான திக்குவாய், இருபத்தெட்டு வயதுவரை அது விடவில்லை. ஒன்பது ஆண்டு கடற்படைப் பணிக்குப் பிறகு, 1967இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்து, விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கையில் காசு சேர்த்து, மாதிரிப் பதிவுகள் செய்து, கிளாரன்ஸ் அவான்ட் நடத்திய சஸெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் இடம்பிடித்தபோது முப்பதைத் தாண்டிவிட்டார். முதல் தட்டின் அட்டையில் தொழிற்சாலைச் சுவரோரம் மதிய உணவுப் பெட்டியோடு நிற்கிறார். அது படத்துக்காகப் போட்ட வேடம் அல்ல. உணவு இடைவேளையில் அங்கேயே எடுத்த படம். இசைத்தொழில் நிலையானது என்று நம்பாததால் அவர் அந்த வேலையை உடனே விடவில்லை. இருபது வயதில் புகழடைந்த பாடகர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: சம்பளத்துக்கு வேலை பார்த்து, கூட வேலை செய்பவர்களின் பேச்சைக் கேட்டு, வீட்டு வாடகை கட்டி வாழ்ந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள்.

பெரும்பாலான விமர்சகர்கள் முதலிடம் தருவது 1972இல் வந்த 'ஸ்டில் பில்' தட்டுக்கு. என் வரிசையில் அது இரண்டாவது. ஆனால் விளக்கத்தை அதிலிருந்து தொடங்குவதே முறை. இதில் அவருடன் வாசித்தவர்கள் வாட்ஸ் 103-வது தெரு ரிதம் பேண்டைச் சேர்ந்த நால்வர்: டிரம்ஸில் ஜேம்ஸ் கேட்சன், விசைப்பலகையில் ரே ஜாக்சன், பாஸ் கிடாரில் மெல்வின் டன்லப், கிடாரில் பெனோர்ஸ் பிளாக்மன். தயாரிப்பாளர்களாகவும் இவர்கள் நால்வரும் விதர்ஸும் சேர்ந்த ஐவர் பெயர்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒலியை அழகுபடுத்தவில்லை. முதல் பக்கத்தின் கடைசி மூன்று பாட்டுகளைக் கவனியுங்கள். 'ஹூ இஸ் ஹீ'யில் ஒருவன் தன் பெண்ணோடு தெருவில் நடக்கிறான். எதிரே வந்தவன் பார்த்த பார்வையிலும் அவள் முகம் மாறிய விதத்திலும் சந்தேகம் முளைத்து, பாட்டு முழுக்க அந்த ஒரு கணத்தையே சுற்றுகிறது. அடுத்தது 'யூஸ் மீ'. அவள் உன்னைப் பயன்படுத்திக்கொள்கிறாள் என்று நண்பர்கள் எச்சரிக்க, தெரிந்தே இணங்குகிறான் ஒருவன். கேட்சனின் தாளமும் கிளாவினெட் என்ற மின் விசைப்பலகையின் கரகரப்பும் அந்த இணக்கத்தில் இருக்கும் வெட்கத்தையும் சுகத்தையும் ஒருசேரக் காட்டுகின்றன. அது முடிந்த கையோடு வருவதுதான் 'லீன் ஆன் மீ'.

உலகம் இந்தப் பாட்டைத் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டது. தளரும்போது என் தோளில் சாய்ந்துகொள் என்னும் அதன் வாக்குறுதி, பள்ளி மாணவர்கள் கோரஸாகப் பாடும் நற்போதனை ஆகிவிட்டது. அப்படிக் கேட்டால் அது கொஞ்சம் தித்திப்பு அதிகமான பாட்டுதான். ஆனால் தட்டில் அது இருக்கும் இடத்தில் கேட்டால், சற்று முன் தன்னைப் பிறர் பயன்படுத்துவதைப் பற்றிப் பாடிய அதே தொண்டை இப்போது என்னைப் பயன்படுத்திக்கொள் என்று வேறொரு அர்த்தத்தில் சொல்கிறது. சாய்வதற்கும் சுரண்டுவதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவரின் வாக்குறுதி அது. அதனால்தான் நம்பமுடிகிறது. மெட்டின் எளிமையும் தற்செயல் அல்ல. விதர்ஸுக்குப் பியானோ முறையாகத் தெரியாது. புதிதாக வாங்கிய மின் பியானோவில் விரல்களின் அமைப்பை மாற்றாமல் கையை அடுத்தடுத்த கட்டைகளுக்கு நகர்த்திக்கொண்டே போனபோது பிறந்த மெட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹார்மோனியம் இருந்தால் வாசித்துப் பாருங்கள்: ச-ச-ரி-க-ம என்று ஏறி, ம-க-ரி-ச என்று அதே வழியில் இறங்குகிறது. இசை படிக்காத யாரும் முதல் முறையிலேயே சேர்ந்து பாடக்கூடிய மெட்டு. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பாட்டுக்கு வேறு மெட்டு பொருந்தியிருக்காது.

அப்படியானால் இதற்கே முதலிடம் தரலாமே? தராததற்குக் காரணம் 1973இல் இரட்டைத் தட்டாக வந்த 'லைவ் அட் கார்னகி ஹால்'. 1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் நடந்த கச்சேரியின் பதிவு இது. முதல் தட்டு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. முதல் பாட்டே 'யூஸ் மீ'. பாட்டு முடிந்த பிறகும் கூட்டம் கைதட்டலை நிறுத்தாமல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, இசைக்குழு திரும்பவும் அதே சுழற்சிக்குள் நுழைகிறது. யார் யாரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும் பாட்டில், சபையும் மேடையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த நிமிடங்களை எந்த ஸ்டுடியோவும் தந்திருக்காது. பிறகு பாட்டுகளுக்கு இடையில் அவர் பேசத் தொடங்குகிறார். பாட்டியோடு தேவாலயம் போனதைப் பற்றிப் பேசியபடியே 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டுக்குள் வழுக்கிச் செல்கிறார். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியவில்லை. இருபத்தெட்டு வயதுவரை வாய் திக்கிய மனிதர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவசரமே இல்லாமல் பேசுகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய இடம் இது.

கச்சேரியின் மையம் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்'. வியட்நாம் போரில் வலக்கையை இழந்த ஓர் இளைஞனைச் சந்தித்ததைப் பற்றி முதலில் பேசுகிறார். பின்னணியில் குழுவினர் தாழ்ந்த குரலில் முனகுகிறார்கள். பாட்டில் அந்த இளைஞன் யாரிடமோ கடிதம் எழுதித் தரக் கேட்கிறான், இடக்கையால் எழுதத் தெரியாததால். அம்மாவுக்குச் செய்தி: ஊர் வக்கீலைப் பார்த்து, தம்பியைப் போருக்கு எடுக்காமல் ஏதாவது செய்யமுடியுமா என்று கேள், போதகரை எனக்காக ஜெபிக்கச் சொல். அவ்வளவுதான். போரைக் கண்டிக்கும் முழக்கம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துப் போர் எதிர்ப்புப் பாடல்களில் இதைவிட ஆழமாக இறங்குவது அரிது என்றே எண்ணுகிறேன். ஏனெனில் இது அரசியல் தலைவர்களைப் பார்த்துப் பேசவில்லை, ஒரு கை வேண்டி நிற்கிறது. இது முடிந்ததும் தட்டில் வரும் அடுத்த பாட்டு 'லீன் ஆன் மீ'. கையில்லாத ஒருவனின் கடிதத்துக்குப் பின்னால் வரும்போது அந்த வாக்குறுதியின் எடையே மாறிவிடுகிறது. பாட்டியின் கைகள், சிப்பாயின் இழந்த கை, சாயச் சொல்லும் தோள் மூன்றும் ஒரே இரவில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. என் முதலிடத்துக்கு ஆதாரம் இந்த வரிசையே.

மேடைப் பதிவை ஒரு பாடலாசிரியரின் தலைசிறந்த தட்டு என்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பாட்டுகளைத் திரும்பப் பாடுவதுதானே கச்சேரி? பொதுவாக இது நியாயமான கேள்வி. இங்கே பொருந்தவில்லை. இடக்கைப் பாட்டை அவர் தன் ஸ்டுடியோத் தட்டு எதிலும் சேர்க்கவில்லை. இந்தக் கச்சேரிதான் அதன் வீடு. பழைய பாட்டுகளும் வெறும் மறுபதிப்பாக இல்லை. முதல் தட்டில் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 'ஹார்லம்', இங்கே நிறைவுப் பாட்டாக, 'கோல்ட் பலோனி'யோடு சேர்ந்து பதின்மூன்று நிமிடம் விரிகிறது. சபையும் அதில் பங்கெடுக்கிறது. தெருவைப் பற்றிய பாட்டில் தெருவே வந்து சேர்ந்துகொண்டதுபோல் இருக்கிறது.

மூன்றாவது இடத்தில்தான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' இருக்கும் முதல் தட்டை ஒதுக்கிவிட்டு, 1974இல் வந்த 'ஜஸ்ட்மென்ட்ஸ்' தட்டை அங்கே வைக்கிறேன். அவருடைய தட்டுகளில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்பட்டது இதுதான். நடிகை டெனிஸ் நிக்கலஸுடன் 1973இல் நடந்த திருமணம் அடுத்த ஆண்டே முறிந்தது. அந்தக் காலத்தின் பாட்டுகள் இவை. 'த சேம் லவ் தட் மேட் மீ லாஃப்' பாட்டின் கருத்தே அவர் கருப்பொருளின் கூர்மையான வடிவம்: சிரிக்கவைத்த அன்பும் அழவைக்கும் அன்பும் வேறு வேறு அல்ல. 'ஹார்ட்பிரேக் ரோட்' அதை ஊர் சுற்றும் நடையில் சொல்கிறது. 'யூ' பாட்டில் கோபம் பேச்சாகவே கொட்டுகிறது. மெட்டு அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. இதே தட்டில் 'கேன் வீ பிரிடெண்ட்' என்ற பாட்டு இருக்கிறது, எழுதியவர் நிக்கலஸ். குறை சொல்லும் பாட்டுகளுக்கு நடுவே, குறை சொல்லப்படுபவரின் வரிகளையும் தன் குரலில் பாடுகிறார் விதர்ஸ். நியாயத்தின் மேல் அவருக்கிருந்த பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஹோசே ஃபெலிசியானோவின் கிடார் இந்தத் தட்டுக்கு ஒரு மென்மையையும் கொடுத்திருக்கிறது. கூட்டத்தைச் சேர்ந்து பாடவைக்கும் பாட்டு எதுவும் இதில் இல்லை, உண்மை. வெற்றிபெறாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். தரம் குறைந்தது என்பதற்கு அது காரணம் ஆகாது.

நான்காவதாக 1971இன் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ். ஸ்டீபன் ஸ்டில்ஸ், டொனால்ட் 'டக்' டன், ஆல் ஜாக்சன் போன்ற பெரிய கைகள் வாசித்திருக்கின்றன. தனிப்பாட்டாக வந்தபோது முன்பக்கத்தில் இருந்தது 'ஹார்லம்'. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்த 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டைப் பிரபலமாக்கினார்கள். அந்தப் பாட்டின் நடுவில் இரண்டே சொற்கள் 26 முறை திரும்ப வருகின்றன. அந்த இடத்துக்கான வரிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விதர்ஸ் நினைத்திருந்தார். அப்படியே விடச் சொன்னவர்கள் கூட இருந்த இசைஞர்கள். சொல் தீர்ந்துபோன ஒருவன் தடுமாறுவதை அது துல்லியமாகக் காட்டிவிட்டது. 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கையைச் சொல்கிறது. 'பெட்டர் ஆஃப் டெட்' குடிக்கு அடிமையான ஒருவனைத் துப்பாக்கிச் சத்தம்வரை பின்தொடர்கிறது. இவ்வளவு இருந்தும் ஏன் நான்காவது? இதே தட்டில் பீட்டில்ஸின் 'லெட் இட் பீ', ஃப்ரெட் நீலின் 'எவ்ரிபடிஸ் டாக்கின்' இரண்டையும் பாடியிருக்கிறார். நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் அவை வரும்போது தட்டு நின்றுவிடுகிறது. யாரோ ஒருவருடைய சிந்தனை குறுக்கே வந்துபோகிறது. பாட்டுகளின் தரத்தில் இது முதல் மூன்றுக்குச் சமம், தட்டாகக் கோத்த விதத்தில் கீழே.

1975இல் சஸெக்ஸ் மூடப்பட, விதர்ஸ் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். அங்கே வந்த ஐந்தில் 1977இன் 'மெனாஜரி' ஐந்தாவது இடம் பெறுகிறது. 'லவ்லி டே' இதில்தான். ஒரே ஸ்வரத்தை 18 விநாடி விடாமல் பிடிக்கும் அந்த இடத்தை யாரும் மறக்க முடியாது. நன்றாக விற்ற, மகிழ்ச்சியான, எல்லாருக்கும் பிடித்த தட்டை இவ்வளவு கீழே தள்ளுவது சோகப் பாட்டுதான் உயர்ந்தது என்னும் மனச்சாய்வு அல்லவா என்று கேட்கலாம். மகிழ்ச்சியில் எனக்குக் குறை இல்லை. 'கிஸ்ஸிங் மை லவ்' மகிழ்ச்சியான பாட்டு, அது இருக்கும் தட்டை இரண்டாவதாக வைத்திருக்கிறேன். சிக்கல் வேறு. 'லவ்லி டே'யிலும் மனிதனுக்கு மனிதன் தேவை என்பதே பொருள், ஆனால் அந்தத் தேவைக்கு விலை எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்கு அது போதும். பக்கத்துப் பாட்டுகளும் அதே இடத்தில் நிற்கும்போது தட்டு மெலிகிறது.

மற்ற நான்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆறாவது 'மேக்கிங் மியூசிக்' (1975): பழைய காதலி ஒருத்தியைத் தற்செயலாகச் சந்திக்கும் 'ஹலோ லைக் பிஃபோர்' அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று, சுற்றியுள்ளவை அந்த உயரத்துக்கு வரவில்லை. ஏழாவது 'நேக்கட் அண்ட் வார்ம்' (1976): லாஸ் ஏஞ்சலஸைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் 'சிட்டி ஆஃப் த ஏஞ்சல்ஸ்' ஒன்றுக்காகவே தேடிக் கேட்கலாம். எட்டாவது 1985இன் 'வாட்சிங் யூ வாட்சிங் மீ', கடைசி 1978இன் 'பவுட் லவ்'. கடைசி இரண்டுக்கும் நடுவே ஏழு ஆண்டு இடைவெளி. அவர் கொடுத்த பாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லி பாடிய ஒரு பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னார்கள் என்று பின்னாளில் நேர்காணலில் வருத்தத்தோடு சொன்னார். அந்த இடைவெளியில் 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' வந்தது. அதுவும் அவர் தட்டில் அல்ல, சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டனின் தட்டில். கடைசித் தட்டுக்குப் பிறகு புதிய தட்டு எதையும் வெளியிடாமல் ஒதுங்கினார். 2020 மார்ச் 30 அன்று இறக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்று கிராமி விருது பெற்றவரை, 2015இல் ஸ்டீவி வொண்டரே முன்னின்று ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் அழைத்துச் சென்றவரை, உரிய இடம் பெறாதவர் என்று சொல்வது பொருந்துமா? கிடைத்த மூன்று கிராமியும் தனிப்பாட்டுகளுக்கு. ஒரு தட்டுக்குக்கூட இல்லை. மார்வின் கே, கர்ட்டிஸ் மேஃபீல்ட், ஸ்டீவி வொண்டர் ஆகியோரின் எழுபதுகளின் தட்டுகளை முழுப் படைப்பாக எடுத்துப் பேசுகிறார்கள். விதர்ஸ் என்றால் பாட்டுத் தொகுப்பு ஒன்றை நீட்டுகிறார்கள். இன்னொரு வாதம், அவருடைய இசை மிக எளிமையானது என்பது. சுருதிகள் குறைவு, குரலில் வித்தை காட்டுவதில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் 'யூஸ் மீ'யின் தாளத்தை அந்த நால்வர் வாசிப்பதுபோல் வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அங்கே எளிமை மேல்தோல் மட்டுமே. குரலும் அப்படித்தான். உச்சத்துக்குப் போகக்கூடிய இடத்தில் போகாமல் நின்று, பேசும் தொனிக்கு இறங்கிவிடுகிறார். பிறரை வியக்கவைக்கும் குரலிடம் யாரும் கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கமாட்டார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு 'ஸ்டில் பில்' தட்டின் முதல் பக்கத்தை, ஐந்து பாட்டையும், வரிசை மாற்றாமல் கேட்கலாம். பிறகு முதல் தட்டிலுள்ள 'ஹார்லம்', உடனே கார்னகி ஹாலின் கடைசிப் பாட்டு. அதன்பின் கச்சேரி முழுவதையும், அவர் பேசும் இடங்களைத் தாண்டிப் போகாமல் கேளுங்கள். 'ஜஸ்ட்மென்ட்ஸ்' தட்டுக்கு ஒருமுறை போதாது; 'யூ' பாட்டின் கோபம் பழகிய பிறகுதான் அதற்கடியில் இருக்கும் வருத்தம் காதில் விழும்.